எதிரொலியால் மீன்வளத்தை மதிப்பிடும்போது எழும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கடலில் மீன்வளத்தை ஒலியால் அளப்பதில் தொல்லை தரும் பண்பு ஒன்று உண்டு. ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் டிரான்ஸ்டியூசர் பழுதாகியிருந்தாலும், கப்பலடியில் காற்றுக்குமிழி திரண்டிருந்தாலும், கடல்தரையின் ஒரு துண்டே மீனாகக் கணக்கில் ஏறியிருந்தாலும், மென்பொருள் கடைசியில் ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும். அந்த எண்ணை மட்டும் பார்த்து அது சரியா தவறா என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த எண்ணை நம்பித்தான் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற வரம்பு முடிவாகிறது என்பதால், பிழையைத் தேடும் வேலையை அளவை முடிந்த பிறகு செய்யும் துப்புரவாகக் கருதாமல், அளவையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

கப்பலின் அடியில் பொருத்தப்பட்டு நேர் கீழ்நோக்கி ஒலிக்கும் அறிவியல் எக்கோசவுண்டரை வைத்து, இணைகோடுகளாகக் கடலைக் கடந்து செய்யப்படும் அளவைக்கு இந்த வழிமுறை பொருந்தும். அதில் நடப்பது இதுதான்: பிங் எனப்படும் குறுகிய ஒலித்துடிப்பு கீழே சென்று, மீன்களில் பட்டுத் திரும்புகிறது, திரும்பிய ஆற்றல் ஒவ்வொரு கடல் மைலுக்கும் கூட்டப்படுகிறது, அந்தக் கூட்டுத்தொகையை ஒற்றை மீன் தரக்கூடிய சராசரி எதிரொலியால் வகுத்தால் மீன்களின் அடர்த்தி கிடைக்கிறது, அதைப் பரப்பளவாலும் சராசரி எடையாலும் பெருக்கினால் மொத்த எடை கிடைக்கிறது. இந்தச் சங்கிலியில் சில பிழைகள் எல்லா எண்களையும் ஒரே விகிதத்தில் ஏற்றும் அல்லது இறக்கும். வேறு சில அங்கொன்றும் இங்கொன்றுமாக நுழையும். எந்த வகையாக இருந்தாலும், பிழை எந்தக் கண்ணியில் நுழைந்ததோ அந்தக் கண்ணியிலேயே அதைத் திருத்த வேண்டும். கடைசி எண்ணை ஏதோ ஒரு காரணியால் பெருக்கிச் சரிக்கட்டுவது பிழையை மறைக்குமே தவிர நீக்காது. கப்பலில் பதிவான மூலக்கோப்பை எக்காரணம் கொண்டும் மாற்றாமல் வைத்திருந்தால்தான் இந்தத் திருத்தங்களைப் பின்னர் வேறொருவர் சரிபார்க்கவும் இயலும்.

அறிகுறி: எல்லாக் கோடுகளிலும் மதிப்பு ஒரே அளவில் உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கிறது

சென்ற ஆண்டைவிட எங்கும் பாதியளவே மீன் தெரிகிறது, ஆனால் மீன்கள் பரவியிருக்கும் வடிவம் மாறவில்லை என்றால், மீனை விடுத்து முதலில் கருவியைச் சந்தேகியுங்கள். டெசிபல் அளவுகோலில் 3 டெசிபல் வேறுபாடு என்பது இருமடங்கு. 1 டெசிபல் என்பது ஏறத்தாழ 26 சதவீதம். ஆகவே கண்ணுக்குத் தெரியாத சிறு விலகலும் மதிப்பீட்டைப் பெரிதும் சாய்த்துவிடும்.

சோதனைக்கு உரிய வழி கோளத்தைக் கொண்டு செய்யும் அளவுத்திருத்தம். 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள டங்ஸ்டன் கார்பைடு கோளத்தை மூன்று மெல்லிய நைலான் நரம்புகளில் கட்டி, கப்பலின் இரு பக்கங்களிலிருந்தும் தொங்கவிட்டு, ஒலிக்கற்றைக்குள் அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். 38 கிலோஹெர்ட்ஸில் அந்தக் கோளத்தின் இலக்கு வலிமை (ஒரு பொருள் திருப்பியனுப்பும் எதிரொலியின் அளவு) சுமார் −42 டெசிபல் என்பது கோட்பாட்டிலிருந்தே தெரியும். கருவி காட்டும் மதிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே திருத்த வேண்டிய அளவு. கோளத்தையும் நரம்பையும் இறக்குமுன் சோப்புக் கரைசலில் நனைக்க வேண்டும். இல்லையெனில் முடிச்சில் ஒட்டிக்கொள்ளும் நுண்குமிழி ஒன்றே எதிரொலியை மாற்றிவிடும். நங்கூரமிட்ட, அலையடங்கிய குடாவில் செய்யுங்கள். அந்த இடத்தின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அதே நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். கோளத்தைச் சுற்றிச் சிறுமீன்கள் வந்து கூடினால் அந்தப் பதிவைப் பயன்படுத்தக் கூடாது.

கோளம் அசையாமல் தொங்கும்போதும் திரையில் அதன் இடம் ஒரு பக்கமாகத் தாவினாலோ, ஒற்றை மீன்கள் அனைத்தும் கற்றையின் ஒரே பக்கத்தில் குவிந்து தெரிந்தாலோ, கற்றையின் நான்கு கால்பகுதிகளில் ஒன்று செயலிழந்திருக்கக்கூடும். இதற்குப் பெருக்க மதிப்பை (சைகையைக் கருவி எவ்வளவு பெருக்குகிறது என்ற அமைப்பை) மாற்றுவது மருந்தல்ல. ஒவ்வொரு கால்பகுதியின் மின்மறுப்பையும் தனித்தனியே அளந்து, கேபிளா, இணைப்பானா, டிரான்ஸ்டியூசரா என்று கண்டறிந்து மாற்ற வேண்டும். அது வரை எடுத்த தரவைத் தனியே குறித்துவைக்க வேண்டும்.

கோளச் சோதனையில் கருவி சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது ஒலி உறிஞ்சல் மதிப்பு. கடல்நீரில் 38 கிலோஹெர்ட்ஸ் ஒலி கிலோமீட்டருக்குச் சுமார் 10 டெசிபலை இழக்கிறது; அதிர்வெண் கூடக்கூட இழப்பும் வெகுவாகக் கூடும். அமைப்பில் இந்த மதிப்பு கிலோமீட்டருக்கு 1 டெசிபல் மட்டும் பிழையாக இருந்தால்கூட, 500 மீட்டர் ஆழத்து மீனிடம் ஒலி போய்வரும் தொலைவு ஒரு கிலோமீட்டர் என்பதால், அங்கே மதிப்பீடு 26 சதவீதம் விலகும். 50 மீட்டர் ஆழத்திலோ அது தெரியவே தெரியாது. ஆழத்தோடு வளரும் விலகல் என்றால் உறிஞ்சல், எல்லா ஆழத்திலும் சமமான விலகல் என்றால் பெருக்கம் என்று இவ்விரண்டையும் பிரித்தறியலாம்.

அறிகுறி: ஓரிரு கடல் மைல்களில் மட்டும் மதிப்பு நம்ப முடியாத அளவு எகிறுகிறது

இதற்கு மிகப் பெரும்பாலும் கடல்தரைதான் காரணம். தரையின் எதிரொலி மீனின் எதிரொலியைவிடப் பன்மடங்கு வலியது. தரை எங்கே என்று குறிக்கும் தரைக்கோட்டைக் கருவி ஓரிரு பிங்குகளில் தவறவிட்டு, தரையின் ஒரு துண்டு தொகைக்குள் புகுந்துவிட்டால், அந்த ஒரு கடல் மைல் முழுக் கோட்டின் மீனையும் விஞ்சிவிடும். திடீரெனச் சரியும் பாறைச் சரிவுகளிலும், தரையோடு ஒட்டி நிற்கும் அடர்ந்த மீன் கூட்டங்களின் மேலும் இது அடிக்கடி நிகழும்.

அந்த இடத்தின் எக்கோகிராமை, அதாவது எதிரொலிகளை ஆழவாரியாகக் காட்டும் படத்தை, பெரிதாக்கி, பிங் பிங்காகத் தரைக்கோட்டைப் பாருங்கள். கோடு கீழிறங்கியிருந்தால் கையால் மேலேற்றுங்கள். பொதுவாகக் கண்டறியப்பட்ட தரைக்கு அரை மீட்டர் மேலே தொகையீட்டை (எதிரொலிகளைக் கூட்டுவதை) நிறுத்துவது வழக்கம். சரிவான இடங்களில் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் இந்த இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. 7 பாகை அகலமுள்ள கற்றை 100 மீட்டர் ஆழத்தில் தட்டையான தரையைத் தொடும்போதுகூட, துடிப்பின் நீளமும் கற்றையின் வளைவும் சேர்ந்து தரையோரமாகச் சுமார் அரை மீட்டர் உயரத்தை ஒலிக்கு எட்டாத குருட்டுப் பகுதியாக்கிவிடுகின்றன. தரையோரம் வாழும் இனத்தை மதிப்பிடுகிறீர்கள் என்றால், தரைக்கோட்டைத் தாராளமாக மேலேற்றியபின் அங்கே மீன் இல்லை என்று எழுதுவது தவறு. அந்தப் பகுதிக்கு இழுவலைத் தரவைக் கொண்டு தனி மதிப்பீடு செய்ய வேண்டும்.

தரைக்கோடு சரியாகவே இருந்து, உண்மையிலேயே மாபெரும் மீன் கூட்டம் ஒன்று அங்கே நின்றிருந்தால், எகிறிய மதிப்பை வெட்டக் கூடாது. கூட்டமாக வாழும் மீன்களின் பரவல் இயல்பிலேயே அப்படித்தான். பெரும்பகுதி மீன் சிறுபகுதிக் கடலில் இருக்கும். வெட்டினால் மதிப்பீடு அழகாகும், உண்மையாகாது.

அறிகுறி: நடுநீரில், எந்த மீனுக்கும் பொருந்தாத நீண்ட மங்கலான பட்டை

ஆழ்கடலில் வேலை செய்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான் என்பதால், இதைக் கணக்கோடு பார்ப்பது நல்லது. பிங் இடைவெளி 1 விநாடி, தரை 900 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் விநாடிக்கு 1,500 மீட்டர் என்றால் தரையின் எதிரொலி திரும்பிவர 1.2 விநாடி ஆகும். அதற்குள் அடுத்த பிங் கிளம்பிவிட்டது. எனவே முந்தைய பிங்கின் தரை, புதிய பிங்கின் 0.2-ஆவது விநாடியில் வந்து, திரையில் 150 மீட்டர் ஆழத்தில் ஒரு பட்டையாக அமர்கிறது. தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இருமுறை சென்றுவந்த எதிரொலியோ 2.4 விநாடியில் வந்து, 300 மீட்டரில் இன்னொரு பட்டையாகத் தெரிகிறது. இரண்டுமே போலித் தரைகள்.

கண்டறிவது எளிது. பிங் இடைவெளியைச் சற்று மாற்றுங்கள்: உண்மையான மீன் படலம் இருந்த ஆழத்திலேயே இருக்கும், போலித் தரை இடம் பெயரும். கப்பலில் அதைச் செய்ய நேரமில்லாமல் பதிவு மட்டுமே கையில் இருந்தால், கடல்தரையின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிடுங்கள். தரை 50 மீட்டர் இறங்கும் இடத்தில் முதல் பட்டையும் 50 மீட்டர் இறங்கும், இரண்டாவது பட்டை 100 மீட்டர் இறங்கும். மீன்கள் அவ்வாறு தரையின் மேடுபள்ளத்தை இரட்டிப்பாக்கி நகலெடுப்பதில்லை. நீக்குவதற்கு, இடைவெளியை ஆழத்துக்கேற்ப நீட்டி, போலித் தரை மீன்கள் இல்லாத ஆழத்தில் விழும்படி அமைக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான தரவில் பட்டையைக் கையால் விலக்க வேண்டும்.

பட்டை இடம் பெயரவில்லை, அந்தி சாயும்போது மேலேறி விடியலில் இறங்குகிறது என்றால், அது உயிருள்ள படலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முதன்முதலில் கண்டபோது இதையே கடல்தரை என்று மயங்கியவர்கள் உண்டு.

அறிகுறி: காற்றை எதிர்த்துச் செல்லும் கோட்டில் மீன் குறைவு, காற்றோடு செல்லும் கோட்டில் மீன் அதிகம்

கப்பலடியில் இழுபடும் காற்றுக்குமிழிகளே காரணம். அவை ஒலியைப் போகும்போதும் வரும்போதும் விழுங்குகின்றன. எக்கோகிராமில் தரைக்கோட்டைப் பாருங்கள். தரையின் நிறம் இடையிடையே வெளிறியோ, முற்றிலும் விடுபட்டோ இருந்தால் அந்தப் பிங்குகளை நீக்கிவிடுங்கள். நீக்குவது வேறு, பூஜ்யமாக விடுவது வேறு: விடுபட்ட பிங்கைச் சராசரியில் மீனில்லாத பிங்காகச் சேர்த்தால், புயலடித்த நாளெல்லாம் கடலில் மீன் குறைந்துபோனதாகக் கணக்கு சொல்லும். கப்பலில் கீழிறக்கக்கூடிய அடித்தண்டு (கீல்) இருந்தால் டிரான்ஸ்டியூசரைக் குமிழிப் படலத்துக்குக் கீழே கொண்டுபோகலாம். வேகத்தைக் குறைப்பதும் உதவும். விடுபடும் பிங்குகள் மிகுந்துவிட்டால் அளவையை நிறுத்திக் காத்திருப்பதே சரி. கப்பல் நேரம் விலையுயர்ந்தது என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் எடுத்த தரவு ஆண்டுகள் கடந்தும் வரிசையில் ஒரு பொய்ப் பள்ளமாக நிற்கும்.

அறிகுறி: ஆழம் செல்லச் செல்லத் திரை வெளுத்துப் புள்ளிமயமாகிறது, அல்லது சாய்ந்த கோடுகள் தோன்றுகின்றன

முதலாவது பின்னணி இரைச்சல். தொலைவுக்கு ஈடுசெய்யக் கருவி எதிரொலியோடு இரைச்சலையும் பெருக்குகிறது. ஒலிபரப்பை அணைத்துவிட்டுக் கேட்கும் நிலையில் மட்டும் கருவியை ஓடவிடுங்கள். அப்போதும் அதே புள்ளிகள் தெரிந்தால் அது மீனல்ல. இயந்திரத்தின் சுழற்சி வேகத்தை மாற்றிப் பார்த்தால் சுழலியா மின்சுற்றா என்பதும் புலப்படும். அளந்த இரைச்சலைக் கழித்துவிட்டு, சைகை இரைச்சலை மிஞ்சாத ஆழத்துக்குக் கீழே தொகையீட்டை நிறுத்துங்கள். 200 கிலோஹெர்ட்ஸில் அந்த எல்லை 38 கிலோஹெர்ட்ஸைவிட வெகு மேலேயே வந்துவிடும்.

சாய்ந்த, விட்டுவிட்டு வரும் கோடுகள் கப்பலிலுள்ள வேறொரு ஒலிக்கருவி, பெரும்பாலும் நீரோட்டமானியோ கப்பலோட்டும் மேடையின் ஆழமானியோ, ஒத்திசையாமல் ஒலிப்பதால் வருபவை. எல்லாம் ஒரே தூண்டு சைகையின்படி முறைவைத்து ஒலிக்குமாறு இணையுங்கள், அல்லது தேவையற்றவற்றை அணைத்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரே இடத்தில் பகலில் ஒரு மதிப்பு, இரவில் வேறொரு மதிப்பு

கருவி மாறவில்லை, மீன் மாறியிருக்கிறது. பகலில் கூட்டமாக ஆழத்தில் நின்ற மீன்கள் இரவில் சிதறி மேலேறுகின்றன. டிரான்ஸ்டியூசருக்கு மேலேயும் அதன் அண்மையிலும் உள்ள நீர் அளக்கப்படுவதே இல்லை என்பதால், மேற்பரப்புக்கு வந்த மீன் கணக்கிலிருந்து மறைகிறது. மேலும் ஏறும்போதும் இறங்கும்போதும் உடல் சாய்கிறது; காற்றுப்பை உள்ள மீனின் எதிரொலியில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்தப் பையிலிருந்தே வருகிறது என்பதால், அது சாய்ந்தால் அதே மீன் சிறிய மீனாக ஒலிக்கிறது. அந்த இனத்தின் நடத்தைக்கு ஏற்றபடி பகல் அல்லது இரவு என ஒன்றைத் தேர்ந்து, ஆண்டுதோறும் அதையே கடைப்பிடியுங்கள். இரண்டையும் கலந்து சராசரி எடுப்பது எந்த நேரத்துக்கும் பொருந்தாத எண்ணைத் தரும்.

கப்பல் நெருங்கும்போது மீன் விலகுகிறதா என்ற ஐயம் இதோடு சேர்ந்தது. கப்பலை அமைதியாக்கினால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். இரைச்சல் குறைத்துக் கட்டப்பட்ட நார்வேயின் ஆய்வுக்கப்பல் ஜி. ஓ. சார்ஸ், வழக்கமான கப்பலைவிட ஹெர்ரிங் (மத்தியின் உறவினம்) மீன்களை அதிகமாகவே விலகச் செய்ததாக ஒரு சோதனையில் தெரியவந்தது. நீருக்கடியில் நிலையாக நிறுத்திய மிதவையில் மேல்நோக்கி ஒலிக்கும் கருவியை வைத்து, கப்பல் அதன் மேலே கடக்கும்போது மீன் என்ன செய்கிறது என்று பார்ப்பதே நேரடியான விடை.

அறிகுறி: அடர்ந்த கூட்டத்தின் அடியில் தரை மங்குகிறது

மேலே உள்ள மீன்களே ஒலியை உறிஞ்சி, கீழே உள்ளவற்றை நிழலில் தள்ளுகின்றன. கூட்டத்துக்கு இருபுறமும் உள்ள தரையின் வலிமையையும் அதன் நேர் கீழே உள்ள தரையின் வலிமையையும் ஒப்பிட்டால் இழந்த அளவு தெரியும். அதைக் கொண்டு திருத்துங்கள். நார்வேயின் ஃபியோர்டுகளில் குளிர்காலத்தில் திரளும் ஹெர்ரிங் போன்ற மிக அடர்ந்த கூட்டங்களில் மட்டுமே இது பெரிதாகும்.

அறிகுறி: எதிரொலி வலுவாக இருக்கிறது, வலையில் மீன் இல்லை, அல்லது வலையில் ஒன்று, திரையில் வேறொன்று

என் கருத்தில் மொத்த அளவையிலும் மிகக் கடினமான இடம் இதுதான், ஏனெனில் ஒலிக்கு இனப்பெயர் தெரியாது. முதலில் எளியவற்றை விலக்குங்கள்: வலை அந்தப் படலத்தின் ஆழத்தில்தான் சென்றதா என்று வலைவாய் உணரியின் பதிவில் பாருங்கள், கண்ணி அளவு சிறுமீனை நழுவவிடுகிறதா என்று பாருங்கள், வேகமான மீன் வலைக்கு முன்னாலேயே விலகியிருக்கலாம்.

அடுத்து அதிர்வெண்களை ஒப்பிடுங்கள். காற்றுப்பையற்ற அட்லாண்டிக் கானாங்கெளுத்தி 38 கிலோஹெர்ட்ஸைவிட 200 கிலோஹெர்ட்ஸில் வலுவாக ஒலிக்கும். ஹெர்ரிங் அவ்வாறு ஒலிக்காது. அண்டார்க்டிக் கடலில் 2000-ஆம் ஆண்டு நடந்த, கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரின் பெரும் அளவையில், 120 கிலோஹெர்ட்ஸ் மதிப்பு 38 கிலோஹெர்ட்ஸ் மதிப்பைவிட 2 முதல் 16 டெசிபல் வரை கூடுதலாக இருந்தவற்றையே கிரில் என்று கொண்டார்கள்.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும். சைஃபனோஃபோர் என்னும் இழுதுயிரிகளில் சிலவற்றுக்கு வாயு நிறைந்த சிறு மிதவை உண்டு. ஆழத்தில் அந்த வாயு அளவையின் அதிர்வெண்ணோடு ஒத்ததிர்ந்தால், ஒரு சிற்றுயிர் பெரிய மீனைப்போல ஒலிக்கும், வலையிலோ அது சிதைந்துபோய் எதுவும் மிஞ்சாது. 2010-இல் தொடங்கிய மலாஸ்பினா உலகச் சுற்றுப் பயணத்தின் ஒலித்தரவைக் கொண்டு, நடுக்கடல் ஆழத்துச் சிறுமீன்களின் எடை சுமார் 1,000 கோடி டன் இருக்கலாம் என்று 2014-இல் வெளியான ஆய்வு கணித்தது. அதற்கு முன் வழக்கிலிருந்த மதிப்பு ஏறத்தாழ 100 கோடி டன். இந்தப் பத்து மடங்கு இடைவெளியில் எவ்வளவு மீன், எவ்வளவு வாயு மிதவை என்பதே இன்றும் நடக்கும் விவாதத்தின் மையம். நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களின் ஆரஞ்சு ரஃபி இதற்கு நேர்மாறு: அதன் பையில் வாயுவுக்குப் பதில் மெழுகு நிறைந்திருப்பதால் எதிரொலி மெலிந்தது, இடையே கலந்திருக்கும் வாயுப்பை உள்ள சில மீன்களே திரையை நிரப்பிவிடும். இத்தகைய இடங்களில் கேமராவையும் எக்கோசவுண்டரையும் வலையோடு சேர்த்து ஆழத்துக்கே இறக்கிப் பார்ப்பதைவிட உறுதியான வழி இல்லை.

அறிகுறி: எதிரொலித் தொகை சரி, எண்ணிக்கை அல்லது எடை மட்டும் பொருந்தவில்லை

எதிரொலியை மீனாக மாற்றும் கண்ணியில் பிழை. மீனின் இலக்கு வலிமையை, சென்டிமீட்டரில் அதன் நீளத்தின் மடக்கையை 20-ஆல் பெருக்கி, இனத்துக்குரிய மாறிலியைச் சேர்த்துக் கணக்கிடுகிறோம். மீன்வள ஒலியியல் அறிஞர் கென்னத் ஃபூட் 1987-இல் தொகுத்தளித்த மதிப்புகளின்படி, காட் போன்ற மூடிய காற்றுப்பை மீன்களுக்கு அந்த மாறிலி −67.4, ஹெர்ரிங் வகையினவற்றுக்கு −71.9. ஹெர்ரிங் கூட்டத்துக்குத் தவறுதலாகக் காட் மாறிலியை இட்டால் 4.5 டெசிபல் வேறுபாடு. மதிப்பீடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே எந்த மாறிலி என்பதை மட்டுமல்ல, முந்தைய ஆண்டுகளில் எது பயன்பட்டது என்பதையும் அறிக்கையில் பாருங்கள். வடகடல் ஹெர்ரிங் அளவைகளில் −71.2 வழங்கிவருகிறது, அந்த 0.7 டெசிபல் இடைவெளியே 17 சதவீத மீன்.

நீளத்தில் வரும் பிழை சற்று வஞ்சகமானது. 20 சென்டிமீட்டர் மீன்களை வலை 25 சென்டிமீட்டர் என்று காட்டினால், எண்ணிக்கை 36 சதவீதம் குறையும்; ஆனால் எடை நீளத்தின் மும்மடியைச் சார்ந்திருப்பதால் மொத்த எடை 25 சதவீதம் கூடும். எண்ணிக்கையும் எடையும் எதிரெதிர்த் திசையில் விலகினால், வலையின் நீளப் பகிர்வைத்தான் முதலில் நோக்க வேண்டும்.

டெசிபல் மதிப்புகளை அப்படியே சராசரி எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். −40, −60 இரண்டின் நேரடிச் சராசரி −50. ஆற்றலாக மாற்றிச் சராசரி எடுத்தால் −43. இரண்டுக்கும் இடையே ஐந்து மடங்கு.

அறிகுறி: கோட்டின் முனையிலும் மதிப்பு குறையாமல் இருக்கிறது

மீன்களின் பரவல் அளவை எல்லைக்கு வெளியே நீள்கிறது. கோட்டை நீட்டி, மீனற்ற கடல் மைல்கள் வரும்வரை செல்லுங்கள். கரைப்பக்க முனையில் இது நேர்ந்தால் கப்பல் அங்கே போக முடியாது. பெருவின் நெத்திலி எல் நினோ ஆண்டுகளில் குளிர்நீரைத் தேடிக் கரையோரமாக ஒதுங்கும்போது இந்தச் சிக்கல் எழும். சிறு படகில் பொருத்திய எக்கோசவுண்டரைக் கொண்டு ஆழமற்ற பகுதியைத் தனி அடுக்காக அளந்து சேர்க்க வேண்டும். மீன் வலசை போகும் திசையிலேயே கோடுகளை அடுத்தடுத்து நகர்த்திச் சென்றிருந்தால் அதே கூட்டம் இருமுறை எண்ணப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் சென்றிருந்தால் ஒரு பகுதி விடுபட்டிருக்கும். நேரமிருந்தால் பகுதியை மறுதிசையில் மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள். இல்லையேல் கோடுகளின் திசையையும் நாளையும் வரைபடத்திலேயே குறித்து, மதிப்பீட்டின் பிழை வரம்பைக் கடல் மைல்களிலிருந்து அல்லாமல் முழுக் கோடுகளை மாதிரிகளாகக் கொண்டு கணக்கிடுங்கள், ஏனெனில் ஒரே கோட்டின் அடுத்தடுத்த மைல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை.